தாத்தா சொன்ன பியானிப் பூ

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம் நண்பர்களே. காபியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வழக்கமாக வீட்டுக்கடன், வருமான வரி, பிள்ளைகளின் படிப்புச் சேமிப்பு என்று எழுதுகிற ஆள் இன்றைக்குப் பூச்செடி பற்றி எழுதுகிறேன். பூச்செடிதான் விஷயம் என்றாலும் கதை தங்கவயலில் தொடங்குகிறது. தாத்தாவுக்கு நான் பட்ட கடன் ஒன்றும் இதில் இருக்கிறது.

நாங்கள் இருப்பது கனடாவில், டொராண்டோவுக்குக் கிழக்கே ஒஷாவாவில். வீடு வாங்கியபோது பின்பக்கத்தில் மூன்று செடிகள் இருந்தன. முதல் மார்ச்சில் பனி கரைந்ததும் ஒன்று வெறும் குச்சியாக நின்றது, மற்ற இரண்டும் இருந்த இடமே தெரியவில்லை. தங்கமணி (தங்கவயல்காரனுக்கு வாய்த்த தங்கமணி, விதிதான் :-)) பிடுங்கிப் போட்டுவிட்டு வெண்டைக்காய் போடலாம் என்றார். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் வேலிக்கு அந்தப்புறமிருந்து பதறினார். "பியோனி! பியோனி! தொடாதீர்கள்!"

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் பின்கழுத்தில் யாரோ தட்டியது போல இருந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்கிறேன். கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிவிட்டு வருகிறேன்.

தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, தங்கவயலில் ஒரு சுரங்க அதிகாரியின் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். பதின்மூன்று, பதினான்கு வயதில் தண்ணீர் ஊற்றும் பையனாகச் சேர்ந்து, வெள்ளைக்காரர்கள் கிளம்பும்வரை அங்கேயே வேலை. சாயங்காலத்தில் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தத் தோட்டத்தைக் கையால் காற்றில் வரைந்து காட்டுவார். "இந்தாண்ட ஒரு பாத்தி காக்டஸு, அந்தாண்ட ஒரு பாத்தி பாம்பம், நட்டநடுவுல பியானி. பியானி பூத்துச்சின்னா துரைசானியம்மா நாற்காலி போட்டு உக்காந்துக்கும்" என்பார்.

சின்ன வயதில் நான் பியானி என்றால் பியானோ மாதிரி சத்தம் போடும் பூ என்று நினைத்திருந்தேன். அது போகட்டும். 1997இல் நான் பி.காம். இரண்டாம் வருடம். நூலகத்தில் ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தைப் புரட்டியபோது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. பனி விழும் தேசத்துச் செடி, வெப்ப நாடுகளில் பூக்காது என்று போட்டிருந்தது. அந்த வாரமே வீட்டில் ஒரு விசேஷம். சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் தாத்தா பாத்திக் கதையை ஆரம்பித்ததும் நான் குறுக்கே பாய்ந்தேன். "தாத்தா, பியோனி நம்ம ஊர்ல வரவே வராது. புக்குல போட்டிருக்கு. அப்புறம் காக்டஸுன்னா கள்ளி. துரை வீட்ல யாராவது கள்ளிக்குப் பாத்தி கட்டுவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார். "புக்குல போட்டிருந்தா சரியாத்தாம்பா இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. 1999இல் இறந்துபோனார்.

தங்கவயலை சினிமாவில் மட்டும் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. அந்தப் பக்கம் மண்ணில் தங்கம் இருப்பதைப் பற்றி 1802இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி எழுதி வைத்தார். நியூசிலாந்துப் போரில் பணியாற்றிய லவெல் என்பவர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டிப் பார்த்தார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்த பிறகுதான் சுரங்கம் சுரங்கமானது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு அது 1905இல்தான் போனது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. கையில் பிடித்து வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள், அதிலும் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட மக்கள்.

மேலே இருந்தது இரண்டு ஊர். ஒன்று, மூங்கில் தட்டிக் குடிசைகளும் பிறகு வந்த லைன் வீடுகளும். இன்னொன்று, ஓட்டுக் கூரை பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், தோட்டங்கள். சுமார் 2,800 அடி உயரம் என்பதால் இதமான காற்று. "குட்டி இங்கிலாந்து" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெயர் வைத்தால் போதுமா, ரோஜாவும் வேண்டும், புல்தரையும் வேண்டும். தண்ணீர் பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. லைனில் பொதுக் குழாய்க்கு வரிசையில் நின்ற குடும்பத்துப் பையன்தான் பங்களாவில் டேலியா பாத்திக்கு வாளி வாளியாக ஊற்றினான். இந்தப் பக்கம் சயனைடு மேடுகள், அதாவது தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் கொட்டிய மண் மலைகள். காற்றடித்தால் அந்தத் தூள் சோற்றுத் தட்டில் விழும். அந்த மேட்டில் புல் முளைப்பதே அரிது. அதன் நிழலில் ஒருவர் பூந்தோட்டம் போட்டார் என்றால் அது சும்மா வேலை இல்லை.

விதைக்கும் கன்றுக்கும் பஞ்சமில்லை. ஒரு பகல் பயணத்தில் பெங்களூர் லால்பாக். 1856 முதல் அரசுத் தாவரவியல் பூங்கா. ஜான் கேமரன் 1874இலிருந்தும், அவருக்குப் பின் 1908இலிருந்து ஜெர்மானியரான கிரும்பீகலும் உலகம் முழுவதிலுமிருந்து செடிகளை வரவழைத்துப் பழக்கினார்கள். சீமைக் காய்கறிகளும் குளிர்காலப் பூக்களும் அப்படித்தான் மைசூர் ராஜ்ஜியத்தில் பரவின. தபாலில் விதைப் பொட்டலம் வரவழைப்பதும் துரைமார்களின் வழக்கம்.

சரி, பியோனி எங்கே? என் பின்கட்டுக்கு வருவோம். புதிதாக வீடு வாங்கிய நம் மக்கள் பலர் கேட்கிறார்கள், அதனால் அடையாளம் காண்பதைச் சொல்லிவிடுகிறேன். பியோனியில் தோட்டத்துக்கு வருவது மூன்று வகை.

முதலாவது, தண்டுப் பியோனி. குளிரில் தரைமட்டத்துக்குக் காய்ந்து மறைந்துவிடும். ஏப்ரலில் சிவந்த மூக்கு மாதிரி முளை எட்டிப் பார்க்கும். ஒஷாவாவில் ஜூன் முதல் பாதியில் பூக்கும். வெள்ளையில் நடுவே ரத்தத்துளி தெறித்த மாதிரி இருந்தால் அது அநேகமாக 1851இல் பிரான்சில் வந்த ஃபெஸ்டிவா மாக்சிமா. வெளிர் ரோஜா நிறத்தில் தலை கனத்துச் சாய்ந்தால், நாடக நடிகையின் பெயர் கொண்ட சாரா பெர்னார்ட். அது 1906.

இரண்டாவது, மரப் பியோனி. பெயர்தான் மரம், உண்மையில் குத்துச்செடி. குளிரிலும் குச்சி நிற்கும், வசந்தத்தில் அந்தக் குச்சியிலேயே மொட்டு வரும். வெட்டிவிடாதீர்கள்! சீனாவில் லுவோயாங் நகரம் இதற்குப் பேர் போனது.

மூன்றாவது, இட்டோ கலப்பு. தோய்ச்சி இட்டோ என்ற ஜப்பானியர் மேலே சொன்ன இரண்டையும் சேர்க்கப் பல ஆயிரம் முறை முயன்று 1948இல் விதை எடுத்தார். 1956இல் இறந்துவிட்டார். அந்தச் செடிகள் பூத்தது அவருக்குப் பிறகு. இலை மரப் பியோனி மாதிரி, ஆனால் குளிரில் தரையோடு போய்விடும். என் வீட்டு மூன்றாவது செடி இதுதான், மஞ்சள் பூ.

நடுவது செப்டம்பர், அக்டோபரில். தண்டுப் பியோனியின் கிழங்கில் இருக்கும் "கண்" மண்ணுக்குள் 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆழமாக வைத்தால் இலை மட்டும்தான் வரும். மொட்டில் எறும்பு ஊர்ந்தால் பயப்படாதீர்கள், தேனுக்கு வருகிறது. முக்கியமான விஷயம், அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். ஒரே இடத்தில் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழும் செடி, பெயர்த்தால் இரண்டு மூன்று வருடம் கோபித்துக்கொண்டு பூக்காது. ஜூன் மாதம் ஒஷாவா தாவரவியல் தோட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 300 ரகங்களுக்கு மேல் இருக்கின்றன, பக்கத்தில் பெயர்ப்பலகையோடு.

பெயர்ப்பலகை என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் ஒரு கதை. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பியோனி வியாபாரம் பெரிய குழப்பத்தில் இருந்தது. ஒரே செடி நான்கு கடையில் நான்கு பெயரில் விற்கும். ஒரே பெயரில் நான்கு செடி விற்கும். அப்போது புதிதாக உருவான அமெரிக்கப் பியோனிச் சங்கமும் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து செடிகளை வரவழைத்து, ஒரே தோட்டத்தில் நட்டு, பூவாகப் பூவாக ஒப்பிட்டு, எது எது என்று பல வருடம் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். எங்கள் வங்கியில் வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்போமே, கே.ஒய்.சி., அதேதான். பூவுக்குக் கே.ஒய்.சி.

பியோனிக்குக் குளிர் எதற்கு? அந்தக் கண்கள் ஆறு வாரத்துக்குக் குறையாமல் உறைநிலையை ஒட்டிய குளிரில் தூங்கினால்தான் விழிக்கும். தங்கவயலில் மார்கழி விடியலில்கூட 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இந்தியாவிலேயே பியோனி உண்டு, ஆனால் அது காஷ்மீர், உத்தராகண்ட் மலைச்சரிவுகளில் வெள்ளையாகப் பூக்கும் இமயமலைப் பியோனி. ஆக 1997இல் நான் படித்த புத்தகம் சரிதான். தங்கவயலில் பியோனி பூத்திருக்க முடியாது.

அப்படியானால் தாத்தா சொன்னது? வயதானவரின் கற்பனை என்று விட்டுவிட மனம் வரவில்லை. போன வருடம் ஜூனில் வாட்ஸப்பில் பெரிய அத்தையைப் பிடித்தேன். அத்தை இன்னும் ராபர்ட்சன்பேட்டையில்தான். சிறுமியாகப் பங்களாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனவர். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்ட சமயம் அவருக்குப் பத்து வயது. கேமராவைத் திருப்பிச் செடியைக் காட்டினேன்.

"இது இல்லடா கண்ணு. எல வேற. பூவும் இம்மாம் பெருசா முட்டகோஸு மாதிரி இருக்காது."

"பின்ன எப்படி இருக்கும் அத்தை?"

"நடுவுல மஞ்சளா வட்டம் தெரியும். சுத்திலும் சிவப்பு எதழ். கிறிஸ்மஸுக்கு பூக்கும். குச்சி கட்டி நிறுத்துவாரு அப்பா. தண்டு உள்ள ஓட்டையா இருக்கும், நாங்க ஒடிச்சி ஊதுவோம். பூத்து முடிஞ்சதும் தோண்டி எடுப்பாரு. சக்கரவள்ளிக் கெழங்கு மாதிரி கொத்துக் கொத்தா வரும். மணல்ல பொதச்சி வெச்சிட்டு மழ முடிஞ்சி திரும்ப நடுவாரு."

வருடா வருடம் தோண்டுவதா! இடம் மாற்றினாலே கோபித்துக்கொள்ளும் செடியை யாராவது வருடா வருடம் தோண்டுவார்களா? சக்கரவள்ளி மாதிரி கிழங்கு, உள்ளே கூடான தண்டு, குளிர்காலப் பூ. தோட்டம் வைத்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். டேலியா.

ஆனால் தாத்தாவுக்கு டேலியா என்ற சொல் தெரியாதா? அது ஏன் பியானி? விடை அடுத்த வாரம் ஒரு நாற்றங்காலில் கிடைத்தது. டேலியா விற்கும் பகுதியில் ஒரு அட்டை மாட்டியிருந்தது. டேலியா வகைகள்: காக்டஸ், பாம்பான், பியோனி...

நான் அந்த அட்டைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. தங்கமணி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

டேலியா மெக்சிகோக்காரச் செடி. 1789இல் ஸ்பெயினின் மாட்ரிட்டுக்கு வந்து, ஐரோப்பா முழுக்கப் பரவி, ஆங்கிலேயரோடு இந்தியாவுக்கு வந்தது. ஒருவகையில் நம்மை மாதிரிதான். பூவின் அமைப்பை வைத்து அதை வகை பிரித்தார்கள். இதழ்கள் சுருண்டு ஊசியாக இருந்தால் காக்டஸ். சின்னப் பந்து மாதிரி இருந்தால் பாம்பான். நடுவே மஞ்சள் வட்டம் தெரிய, சுற்றி இரண்டு மூன்று அடுக்கு தட்டை இதழ் இருந்தால் பியோனிப்பூ டேலியா. 1900களின் தொடக்கத்தில் ஹாலந்திலும் இங்கிலாந்திலும் இந்த ரகத்துக்குப் பெரிய மவுசு. 1924இல் வேல்ஸில் வந்த பிஷப் ஆஃப் லாண்டாஃப், கறுத்த இலையும் ரத்தச் சிவப்புப் பூவும் கொண்டது, இந்த வகைதான். இன்றைக்கும் விற்கிறது.

வங்கிக் கிளையில் நாங்கள் "இது எஸ்.பி., இது கரண்ட், இது எஃப்.டி." என்போம். கூடவே "கணக்கு" என்று யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையில்லை. டேலியாத் தோட்டத்தில் நின்ற தோட்டக்காரர் "இது காக்டஸ், இது பாம்பம், இது பியானி" என்றார். அவ்வளவுதான். படிக்கத் தெரியாத மனிதர், காதால் மட்டும் கேட்ட வகைப்பாட்டை நாற்பது வருடம் வரிசை மாறாமல் நினைவில் வைத்திருந்தார். புத்தகம் படித்த நான் அவரைத் திருத்தினேன். கள்ளிக்கு யார் பாத்தி கட்டுவார்கள் என்று வேறு கேட்டேன்.

தங்கவயலில் ஆளை அடையாளம் காண்பது என்பது லேசான விஷயமாக இருந்ததில்லை. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்றதை எதிர்த்து 1930இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. "திருடனுக்கு எடுக்கற ரேகைய ஒழைக்கறவனுக்கு எடுக்கறதா" என்று கொள்ளுத்தாத்தா கேட்டதாக எங்கள் வீட்டில் சொல்வார்கள். பதிவேட்டில் தொழிலாளி ஒரு எண், ஒரு ரேகை. பங்களாத் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு தகரச் சீட்டு, அதில் அழகான கையெழுத்தில் பெயர். சீட்டைக் குத்தியது, செடியைக் காப்பாற்றியது, கிழங்கை மணலில் புதைத்தது எல்லாம் தாத்தா. அவர் பெயர் எங்கேயும் இல்லை. அவரிடம் மிச்சமிருந்தது அந்த மூன்று சொல்தான். அதையும் நான் கூட்டத்தில் வைத்துப் பறித்தேன்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியது. அப்பாவுக்கு வேலை போனது. எங்கள் தலைமுறை விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தது. இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் போகிறார்கள். நான் அந்த ரயிலில் தொடங்கி ஒஷாவா வரை வந்துவிட்டேன். போன முறை ஊருக்குப் போனபோது தாத்தா வேலை செய்த பங்களாவைத் தேடினேன். கூரை சரிந்து, தோட்டம் இருந்த இடத்தில் முள்ளும் புதரும். பாத்திக்கு ஓரமாகப் பதித்த கற்கள் மட்டும் ஒரு வரிசையில் தெரிந்தன. உள்ளே போகவில்லை, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

இந்த வருடம் மே கடைசியில், குளிர் விட்டபிறகு, பியோனிகளைத் தொடாமல் பக்கத்தில் ஒரு பாத்தி கட்டினேன். மூன்று டேலியாக் கிழங்கு. ஒன்று காக்டஸ், ஒன்று பாம்பான், நடுவில் பிஷப். பூ வரும்போது அத்தைக்குக் காட்ட வேண்டும். அக்டோபரில் பனி விழுவதற்குள் தோண்டி எடுத்து பேஸ்மெண்டில் மணல் பெட்டியில் புதைக்க வேண்டும். தாத்தா மழையில் அழுகாமல் காத்தார், நான் உறைபனியில் கருகாமல் காக்க வேண்டும், வேலை ஒன்றுதான். இரண்டாவது மகள் தோண்ட வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

சீட்டு எழுதும்போது மூத்தவள் கேட்டாள், "அப்பா, இது டேலியாதானே? ஏன் பியானின்னு எழுதறீங்க? ஸ்பெல்லிங்கும் தப்பு."

"தப்பில்லம்மா. அதுதான் அதன் பெயர்" என்றேன். கீழே தாத்தாவின் பெயரையும் எழுதிக் குத்திவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது பொருந்தாத பெயர் சொன்னால் உடனே திருத்திவிடாதீர்கள் மக்களே. இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த மாதம் பூத்தது, கிழங்கா விதையா, யார் சொல்லிக் கேட்டது என்று கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.